தார்ப்பாயும் மீசை வைத்த கெருபுகளும்

கடலூரில் வங்காள விரிகுடாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒருமுறையாவது மூடிப் பார்த்த மனிதர் தார்ப்பாய். கடலை அவர் விட்டுவைத்ததற்குக் காரணம் பயமோ பக்தியோ இல்லை. அளவெடுக்க எதிர்க்கரை தெரியவில்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பங்குக் கோயில் பதிவேட்டில் அது இருப்பதாகக் கேள்வி. முதுநகர் கடைத்தெருவில் அவருடைய கடைப் பலகையில் 'தார்ப்பாய், சாமியானா, வாடகைக்கும் விற்பனைக்கும்' என்று எழுதியிருக்கும். அதில் முதல் சொல்லை ஊர் எடுத்துக்கொண்டது. போன் செய்தால் அவரே "தார்ப்பாய் பேசுறேன்" என்பார். அதாவது, அவரால் போனை எடுக்க முடிந்தால். அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குக் கடலூர் நிருபர். அவர் கடைக்கு மேலே மாடியில் ஆறு வருடம் குடியிருந்தேன். மூடுவது அவர் தொழில், திறப்பது என் தொழில். இரண்டு பேரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினோம்.

அவருடைய ஸ்கூட்டர் கடை வாசலில் நிற்கும். நிற்கிறது என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வெளியே நீலத் தார்ப்பாய். அதற்குள் சிவப்பு ரெக்சின். அதற்குள் ஆட்டுமுடிக் கம்பளி. அதற்குள் ஓரத்தில் நூல் வேலை செய்த வெள்ளை மல் துணி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு, தனி முடிச்சு. முழுவதும் பிரிக்கப் பதினொரு நிமிடம் ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் எங்கு போவதானாலும் நடந்தே போவார்.

ஒருநாள் எனக்குக் கலெக்டர் ஆபீஸில் அவசரமாகப் போகவேண்டிய கூட்டம். என் வண்டி பஞ்சர்.

"நம்ம வண்டிய எடுத்துக்குங்க சார்" என்று தார்ப்பாய் முதல் முடிச்சில் கை வைத்தார். "இந்த மேல்மூடி பாத்தீங்களா? மோசே பாலைவனத்துல கடவுளுக்குக் கட்டுன கூடாரத்துக்கு நாலு மூடி. கடவுளே அளவு சொல்லிக் குடுத்தது. மேல்மூடி ஏதோ ஒரு மிருகத்தோட தோலு. என்னா மிருகம்னு இன்னிக்கு வரைக்கும் படிச்சவங்களுக்கே தெரியல. கடல்பசுன்றாங்க, வளைக்கரடின்றாங்க. ஒண்ணு மட்டும் தெரியுது, பாக்க லட்சணமா இருக்காது. தூரத்துலேர்ந்து பாத்தா மணல்ல ஏதோ மூட்டை கெடக்குதுன்னு போயிடுவான். ஏசுவும் அப்பிடித்தான சார்? நாசரேத்து ஆசாரி. யாரு திரும்பிப் பாத்தா?"

"அண்ணே, கூட்டம் பத்தரைக்கு."

"தோ ஆச்சு. ரெண்டாவது செகப்புச் சாயம் போட்ட ஆட்டுக்கடாத் தோலு. பெத்த அப்பனே ஈசாக்க பலி குடுக்க வெட்டப் போறப்ப, அவனுக்குப் பதிலா முள்ளுல கொம்பு மாட்டிக்கிட்டு நின்னுச்சே, அந்தக் கடா. ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் ரத்தம். இங்க ரெக்சின் போட்டிருக்கேன். ரத்தம்தான் முக்கியம், தோலு எந்தக் கடையில வாங்குனா என்னா? மூணாவது வெள்ளாட்டு முடி. ஊரு பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டு தலையில ஏத்தி வனாந்தரத்துக்குத் தொரத்தி உடுவாங்க. சொரசொரன்னு இருக்கும், தொட்டுப் பாருங்க. அத சொமந்தவரு யாருன்னு உங்களுக்கே தெரியும்."

தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்றுதான் இருந்தது. மணி பத்து இருபது.

நான்காவது துணிக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. "இதுதான் சார் உள்மூடி. பஞ்சு நூலு. நீலம் வானம், ஊதா ராஜா, செகப்பு ரத்தம், வெள்ளை சுத்தம். கெருபுங்க, காவலுக்கு நிக்கிற வானதூதருங்க, றெக்கைய விரிச்சிக்கிட்டு நிக்கும். வெளிலேர்ந்து ஒருத்தனும் பாக்க முடியாது. உள்ள போனவன் தலைய நிமித்துனாதான் தெரியும்."

துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்தது. மல் துணி மெல்ல எழுந்து இறங்கியது. தெருச் சத்தம் சற்று விலகிப்போனது. ஒரு கணம் அந்தத் துணிக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு தூங்குவதாகவே எனக்குப் பட்டது. பிறகு அவர் துணியை எடுத்தார். ஸ்கூட்டர். பெட்ரோல் இல்லை.

போனுக்கும் நாலு உறைதான். மணி அடிக்க ஆரம்பித்ததும் முதல் உறையைத் திறப்பார். மூன்றாவதைத் திறக்கும்போது மணி நின்றுவிடும். பதறாமல் நான்கையும் திரும்ப மூடுவார். "அவசரம்னா திருப்பிக் கூப்புடுவாங்க" என்பார். கூப்பிடுவார்கள். மறுபடியும் முதல் உறை.

பங்குக் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். அந்த வேலை பல வருடமாகத் தார்ப்பாயுடையது. அவர் சுரூபங்களோடு நிறுத்துவதில்லை. ஒரு வருடம் அறிவிப்புப் பலகையை மூடினார். பாடகர் குழுவின் ஆர்மோனியத்தை மூடினார். பங்குத்தந்தை எழுந்து வாசகம் படித்துவிட்டுத் திரும்பும்போது நாற்காலி மூடப்பட்டிருந்தது. அந்த ஈஸ்டர் காலைப் பூசையில் மூடிகளை அகற்றும்போது வெளி முகப்பில் நிற்கும் சூசையப்பர் சுரூபத்தின் முடிச்சு மட்டும் அவிழவில்லை. மழையில் நனைந்து கயிறு உப்பியிருந்தது. கத்தி கொண்டுவந்தார்கள். தார்ப்பாய் குறுக்கே நின்றார்.

"கயித்த அறுக்கறவன் தொழில் தெரியாதவன் ஃபாதர். நான் பொறந்ததுலேர்ந்து ஒரு கயிறு அறுத்தது இல்ல. காயட்டும், அவுத்துத் தர்றேன்."

உலகமே உயிர்ப்பைக் கொண்டாடியபோது சூசையப்பர் செவ்வாய்க்கிழமை வரை உள்ளேயே இருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் பங்குத் திருவிழாவுக்கு விவிலியக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கக் கூடாது. பங்குத்தந்தை சொல்லிவிட்டார். தெருவுக்கொரு மாதிரி செய்ய வேண்டும். ஒரு தெரு தெர்மோகோலில் நோவாவின் பேழை செய்தது. இன்னொரு தெரு அட்டையில் எரிகோ மதிலைக் கட்டியது. தார்ப்பாய் மோசேயின் கூடாரத்தை எடுத்துக்கொண்டார். மேசை மேல் வைக்கிற அளவு என்று எல்லோரும் நினைத்தோம்.

"முப்பது முழம் நீளம், பத்து முழம் அகலம், பத்து முழம் ஒசரம்" என்றார் தார்ப்பாய். "புஸ்தகத்துல போட்ட அளவு. கொறைக்கறதுக்கு நான் யாரு?"

பதினாலு மாதம் வேலை நடந்தது. முதலில் ஆட்டுமுடி. சேத்தியாத்தோப்பு சந்தைக்குப் போய், ஆடு வேண்டாம், முடி மட்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கே அப்படி யாரும் கேட்டதில்லை. வியாபாரி யோசித்துவிட்டு, "ஏன், ஆடு பாவம் பண்ணிச்சா?" என்றாராம். தார்ப்பாய் மகிழ்ந்துபோய், ஆடு பாவம் பண்ணவில்லை, நம் பாவத்தைச் சுமக்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். கடைசியில் வியாபாரி, ஆளைக் கிளப்பினால் போதும் என்று முடியைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சந்தையில் ஒரு வாரம் வெள்ளாடுகள் வெட்கத்தோடு நின்றதாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது மேல்மூடி. கடல்பசுத் தோல் கிடைக்குமா என்று துறைமுகத்தில் நாலு பேரிடம் விசாரித்தார். ஐந்தாவது ஆள் வனத்துறைக்காரர். மறுநாள் கடைக்கு இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். காலை பத்து மணிக்கு வந்தவர்கள் மூன்று மணிக்கும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் நாலு மூடி. நாலரை மணிக்கு மூத்தவர் வாசலில் உட்கார்ந்து ஒரு சோடா கேட்டார்.

"உள்ள என்னாதான்யா வெச்சிருக்க?"

"மூடிதான் சார்."

அதோடு தோல் ஆசையை விட்டுவிட்டார். "என்னா மிருகம்னு யாருக்கும் தெரியலன்னு ஆயிடுச்சு. அப்ப அது தார்ப்பாயா இருக்கக் கூடாதுன்னு யாரு சொல்ல முடியும்?" என்று என்னிடம் கேட்டார்.

உள்மூடியைத் தைத்தவர் அவர் மனைவி வள்ளி. வள்ளிக்குச் சிதம்பரம். அப்பாவும் அண்ணனும் தேர்ச்சீலை தைக்கிறவர்கள்; தேரைச் சுற்றிக் கட்டும் வண்ணத் துணிகளும், உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் அவர்கள் கடையில்தான் உருவாகும். இளம் வயதில் தார்ப்பாய் அங்கே கான்வாஸ் வாங்கப் போனார். இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை வாங்கினார். பத்தாவது தடவை கான்வாஸ் வாங்காமல் வள்ளியோடு திரும்பிவிட்டார். வேற்று மதத்தானோடு போனவள் என்று அன்று பேச்சை நிறுத்திய அண்ணன், பதினேழு வருடமாகப் பேசவில்லை. வள்ளி ஞாயிற்றுக்கிழமை கணவரோடு பூசைக்குப் போவார். மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டித் தெருவுக்கே கொடுப்பார், பங்குத்தந்தைக்கு ஒரு தூக்கு. யாரும் எதுவும் சொன்னதில்லை. அண்ணனுக்கும் ஒவ்வொரு வருடமும் பஸ்ஸில் ஒரு தூக்கு அனுப்புவார். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். கூட ஒரு சொல் வராது.

அந்த உள்மூடியை நான் ஒருமுறை தைக்கும்போது பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே, மதிய வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாக இறங்கும் இடத்தில், வள்ளி மடியில் நீலமும் ஊதாவும் சிவப்பும் குவிந்து கிடந்தன. துணியை வெட்டி, துணி மேல் வைத்துத் தைக்கிற தேர்ச்சீலை வேலை. ஆளுயரக் கெருபுகள், இறகு விரித்து. ஒவ்வொன்றுக்கும் உருண்டை விழி, கோரைப்பல், முறுக்கு மீசை.

பங்குத்தந்தை பார்க்க வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது வானதூதராம்மா?"

"ஆமா ஃபாதர். கெருபு."

"ஏன் மீசை வெச்சிருக்குது?"

வள்ளி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஏதேன் தோட்டத்து வாசல்ல கத்தியோட காவலுக்கு நின்னவங்கன்னு நீங்கதான பிரசங்கத்துல சொன்னீங்க. காவக்காரன்னா மீசை இல்லாம எப்பிடி?"

சிதம்பரத்தில் வாசல் காவலர்களைப் பார்த்து வளர்ந்தவரிடம் மேற்கொண்டு வாதாட முடியாது என்று ஃபாதருக்குத் தெரிந்திருந்தது.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு கூடாரம் கோயில் மைதானத்தில் எழுந்தது. தார்ப்பாய் நான்கு மூடிகளையும் வரிசைப்படி போட்டு இறுக்கிக் கட்டினார். வெளியே தெரிந்தது ஒரு மாபெரும் நீலத் தார்ப்பாய் மட்டும். வாசல் திரையையும் கயிறு கோத்துக் கட்டிவிட்டார்.

"சனங்க எப்ப உள்ள போய்ப் பாக்கலாம்?" என்று கேட்டார் ஃபாதர்.

"போவக் கூடாது ஃபாதர். மோசேயோட அண்ணன் ஆரோன் வம்சத்துக் குருக்கள் மட்டும்தான் உள்ள போவலாம். அதுலயும் கடைசித் திரைக்குப் பின்னாடி தலைமைக் குரு மட்டும், வருஷத்துக்கு ஒரு தரம்."

"நானாவது போலாமா?"

"நீங்க ஆரோன் வம்சமா ஃபாதர்?"

"எங்கப்பா விருத்தாசலத்துல பஸ் கண்டக்டர்யா."

"அப்ப வேணாம் ஃபாதர்."

ஃபாதர் பொறுமைசாலி. "இங்க பாரு. ஏசு சிலுவைல உயிர உட்டப்ப ஆலயத்துத் திரை மேலேர்ந்து கீழ வரைக்கும் கிழிஞ்சிடுச்சு. இனிமே யாரு வேணா உள்ள வரலாம்னுதான் அதுக்கு அர்த்தம். கிழிஞ்சு ரெண்டாயிரம் வருஷமாச்சு."

தார்ப்பாய் ஆழ்ந்து யோசித்தார். "கிழிஞ்சத தைக்கிறதுதான் ஃபாதர் என் தொழில்" என்றார்.

அன்று சாயங்காலம் வள்ளி மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். "சார், திருவிழா பத்தி உங்க பேப்பர்ல போடுவீங்கல்ல? அதுல என் பேரப் போடுங்க. சிதம்பரம்னும் போடுங்க. அண்ணன் தெனம் உங்க பேப்பர்தான் படிப்பாரு. ஒருதரம் வந்து பாத்தாருன்னா போதும். பேசலன்னாக்கூடப் பரவால்ல."

"வந்தா உள்ள உட மாட்டாரேம்மா உங்க வீட்டுக்காரர்."

"சொன்னேன். யாரும் பாக்கக் கூடாதுன்னா நான் எதுக்குத் தச்சேன்னு கேட்டேன். கடவுள் பாக்குறாருன்னாரு." வள்ளி முந்தானை நுனியை விரலில் சுற்றினார். "கடவுள் நான் தைக்கிறப்பவே பாத்துட்டாரு சார். அண்ணன்தான் பாக்கல."

வெள்ளிக்கிழமை படம் எடுத்துச் செய்தி அனுப்பினேன். வள்ளி பெயர், சிதம்பரம், தேர்ச்சீலை வேலை, எல்லாம் எழுதினேன். அரை மணியில் செய்தி ஆசிரியர் போன்.

"என்னாய்யா போட்டோ இது? வெள்ள நிவாரண முகாமா?"

"இல்ல சார். மோசேயோட கூடாரம்."

"சரி, நிவாரணம் எப்ப குடுக்குறாங்க?"

விளக்கினேன். புரிந்தது என்றார். அந்த வாரம் ஊரில் நல்ல மழை. தாழ்வான இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர். சனிக்கிழமை காலை பேப்பரைப் பிரித்தால், என் செய்தி 'கடலூரில் மழை சேதம்' பக்கத்தின் நடுவில் இருந்தது. நீலக் கூடாரம் மூன்று பத்தி அகலத்துக்கு. மேலே நிவாரணச் செய்தி, கீழே நிவாரணச் செய்தி.

நம் ஊரில் மழைக்காலத்தில் நீலத் தார்ப்பாய்க் கூடாரம் என்றால் ஒரே அர்த்தம்தான். எட்டு மணிக்குள் கோயில் மைதானத்தில் வரிசை நின்றது. செம்மங்குப்பத்திலிருந்தும் குடிகாட்டிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வந்த பெண்கள். கையில் ரேஷன் கார்டு நகல், பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக. எண்ணினேன், நாற்பத்து மூன்று பேர். வரிசையின் முதலில் பச்சை நைலக்ஸ் புடவை கட்டிய ஒரு பெண்.

"டோக்கன் எங்க குடுக்குறீங்க?" என்றார் அவர்.

"டோக்கன் இல்லம்மா. இது கடவுளோட கூடாரம்" என்றார் தார்ப்பாய்.

"சரி. அரிசி மட்டுந்தானா, பாயும் உண்டா?"

"ஒண்ணுமே கெடையாதும்மா. உள்ள யாரும் போவவும் கூடாது."

"யாரும் போவ மாட்டாங்கன்னா உள்ள ஏன் லைட்டு எரியுது?"

தார்ப்பாயிடம் பதில் இருந்தது. ஏழு கிளை விளக்குத்தண்டு, அணையக் கூடாது. ஆனால் அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், கக்கத்தில் எங்கள் பேப்பர், கையில் மடக்கிய குடை. பெண்கள் வரிசையில் நிற்கிறோம் என்ற கூச்சம் இல்லாமல் நேராக நின்றார். பக்கத்தில் போய் விவரம் கேட்கவும் இல்லை.

என் அருகில் கோயில் முகப்பில் நின்ற வள்ளி, "அண்ணன்" என்றார். காற்றுக்குத்தான் சொன்னார்.

தார்ப்பாய் திரும்பி வாசல் திரையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சின் மேல் அவர் முடிச்சுப் போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது மழை வந்தது. முதலில் கடல் பக்கம் வானம் சாம்பலானது. பிறகு தென்னைகள் மறைந்தன, பிறகு மணிக்கூண்டு. தூரத்திலிருந்து வெள்ளைத் திரை ஒன்று மைதானத்தின் குறுக்கே நடந்து வருவதுபோல வந்தது. கோயில் முகப்பில் பத்துப் பேர் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் ரேஷன் கார்டுகளைப் புடவைக்குள் செருகிக்கொண்டு அப்படியே நின்றார்கள். வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்ற பயம். ஒரு பெண் இடுப்புக் குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அண்ணன் தன் குடையை விரித்து அந்தக் குழந்தைக்கு மேல் பிடித்தார். அவர் நனைந்தார்.

பச்சைப் புடவைக்காரப் பெண் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் தார்ப்பாயைப் பார்த்தார். "எம்மாம் பெருசு கட்டியிருக்க. உள்ள ஒருத்தரும் இல்லன்ற. வெளில நாங்க நனையறோம். யாருக்காகய்யா கட்டுன?"

குரலில் கோபம்கூட இல்லை. விவரம் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

தார்ப்பாய் முடிச்சுக்குத் திரும்பினார். விரலால் நெம்பினார். பல்லால் கடித்தார். கயிறு உப்பியிருந்தது; சூசையப்பரின் அதே முடிச்சு, இப்போது இரட்டையாக. ஒரு நிமிடம் முயன்றார். குழந்தை அழ ஆரம்பித்தது.

அவர் ஏணியை வாசல் கம்பத்தில் சாத்தி ஏறினார். இடுப்பிலிருந்து கித்தான் வெட்டும் கத்தியை எடுத்தார். வாசல் திரையைக் கோத்திருந்த கயிற்றை உச்சியில் பிடித்து, மேலிருந்து கீழ் வரை அறுத்துக்கொண்டே இறங்கினார். பிறந்ததிலிருந்து கயிறு அறுக்காத மனிதர். திரை இரண்டாக விலகியது.

ஃபாதர் முகப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆலயத் திரையை ஞாபகப்படுத்தவில்லை.

"வாங்க வாங்க, எல்லாரும் உள்ள வாங்க. மெதுவா. வழுக்கும்" என்றார் தார்ப்பாய்.

உள்ளே போன இரண்டாவது நிமிடம் மின்சாரம் போனது. ஏழு விளக்கும் அணைந்தன. நாலு மூடிக்குள் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. மழையின் ஓசை எங்கோ மிக உயரத்தில், வேறு யாருடைய ஊரிலோ பெய்வதுபோலக் கேட்டது. ஆட்டு முடியின் வாசம். ஈரத் துணியின் வாசம். பிறகு யாரோ ஒரு பெண் போனின் டார்ச்சைப் போட்டார். இன்னொருவர் போட்டார். வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக மேலே திரும்பின.

நீலத்தில், ஊதாவில், சிவப்பில் அவை நின்றன. இறகோடு இறகு தொட்டுக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் மேலே. டார்ச்சுகள் அசைந்தபோது அவையும் மூச்சு விட்டன.

"மீசை நல்லா இருக்குது" என்றது ஒரு குரல், இருட்டிலிருந்து.

வள்ளி வாசலோரம் நின்றிருந்தார். அண்ணன் ஓரமாகத் தொங்கிய உள்மூடியின் விளிம்பைப் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே நடந்தார். விரல் நுனிகள் ஊசி குத்தித் தடித்திருந்தன. வள்ளிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார். துணியைப் பார்த்தபடி சொன்னார், பதினேழு வருடத்துக்குப் பிறகு.

"ஓரம் மடிக்காம உட்டிருக்க."

வள்ளி ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "யாரும் பாக்க மாட்டாங்கன்னாருண்ணே."

"அப்பா உள்பக்கம்தான மொதல்ல மடிப்பாரு. மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே."

"நூலு விட்டுப்போவும். ரெண்டு வருஷம் தாங்காது" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்து வந்தவர், துடைக்க நிறையவே இருந்தது.

பிறகு அவர் கூடாரத்தின் கோடியைப் பார்த்தார். அங்கே இன்னொரு திரை தொங்கியது, வள்ளியின் கெருபுகளோடு. தார்ப்பாய் அதன் முன்னால் பழக்கதோஷத்தில் காவல் நின்றுகொண்டிருந்தார், அவரும் ஒரு கெருபு மாதிரி, மீசை மட்டும் இல்லாமல்.

"அதுக்குப் பின்னால என்னா இருக்குது?" என்றார் அண்ணன். பதினேழு வருடத்தில் தார்ப்பாயிடம் அவர் பேசிய முதல் வாக்கியம்.

தார்ப்பாய் தடுமாறினார். "ஒண்ணும் இல்ல மச்சான். கடவுளோட கட்டளைப் பலகை வெக்கிற பேழை செய்யலாம்னு பிளைவுட்ல ஆரம்பிச்சேன். கை வரல. கடவுள் எடம், நம்ம என்னாத்தப் போய் வெக்கிறதுன்னு சும்மா உட்டுட்டேன். வெறும் எடந்தான்."

அண்ணன் திரையையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். அவர் பிறந்த ஊரில் தீட்சிதர்கள் திரையை விலக்கிக் காட்டுவதும் வெறும் வெளிதான்.

"எங்க ஊருக்கு அதப் பாக்கத்தான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க, மாப்ள."

மழை விட ஒரு மணி நேரம் ஆனது. திருவிழாவுக்குச் செய்திருந்த தக்காளி சாதம் முழுவதையும் ஃபாதர் கூடாரத்துக்குள் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை கூடாரம் பிரிந்தது. மேல்மூடியைத் தார்ப்பாய் துண்டு துண்டாக வெட்டினார். செம்மங்குப்பம் பக்கம் பதினோரு கூரைகளின் மேல் அது போனது. உள்மூடியை அண்ணன் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனார், ஓரம் மடிக்க. வேலை ஜாஸ்தி என்று வள்ளியையும் கூட அழைத்துப்போனார். ஒரு வாரத்து வேலை இரண்டு மாதம் நடந்தது. அதுவரை தார்ப்பாய் வாரம் இரண்டு தடவை சிதம்பரம் போய்க் கான்வாஸ் வாங்கினார்.

அடுத்த வருடம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும் நேரத்துக்குத் தார்ப்பாய் நடந்தே வந்து சேர்ந்தார். செங்கல் அளவில் ஒரு பொட்டலம் கொடுத்தார். நீலத் தார்ப்பாய், குறுக்கும் நெடுக்கும் கயிறு.

"என்னாண்ணே இது?"

"அவசரப்பட்டுத் தெறக்காதீங்க சார்."

பத்திரிகைக்காரனிடம் சொல்லக் கூடாத வாக்கியம். திண்டிவனம் வருவதற்குள் மூன்று மூடிகளைப் பிரித்துவிட்டேன். நீலம், சிவப்பு, ஆட்டுமுடி. நான்காவது வெள்ளை மல். மூலையில் கட்டைவிரல் அளவில் ஒரு கெருபு, மீசையோடு. அது வள்ளியின் தையல். கயிற்றில் கை வைத்தபோது துணியின் விளிம்பைப் பார்த்தேன். நாலு பக்கமும் ஓரம் உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத பொடித் தையல் போட்டிருந்தது. அது வள்ளியுடையது இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். மூன்று மூடிகளையும் வரிசைப்படி திரும்பப் போட்டுக் கட்ட, மதுராந்தகம் வரை ஆனது.

அந்தப் பொட்டலம் இப்போதும் என் மேசை மேல் இருக்கிறது. நான் திறந்து பார்க்காத பொருள் அது ஒன்றுதான்.

கடலூரில் மழை என்று செய்தி வந்தால் தார்ப்பாய்க்குப் போன் செய்கிறேன். மூன்றாவது உறையை அவர் திறக்கும்போது மணி நின்றுவிடுகிறது. அவசரம் எதுவும் இல்லை. ஆனாலும் திருப்பிக் கூப்பிடுகிறேன்.